ஊர்ப்பெயரோடு விற்கப்படும் கோப்பி



கடையில் கோப்பித்தூள் வாங்கும்போது அது எந்த ஊரில், எவருடைய காணியில் விளைந்தது என்று நாம் கேட்பதில்லை. பல இடத்துக் கொட்டைகள் ஒன்றாகக் கலந்து வறுக்கப்பட்டே நம்மிடம் வருகின்றன. ஆனால், ஓரிடத்தில் விளைந்ததை வேறெதனோடும் கலக்காமல், அந்த ஊரின் பெயரைப் பொதியில் எழுதி, கூடிய விலைக்கு விற்கும் முறையும் உலகில் உண்டு. அப்படி விற்கப்படும் ஒரு கோப்பியைப் பற்றி இம்மாதம் எழுத விரும்புகிறேன். அதை விளைவித்தவர்களில் பலர் நம்மைப் போல் பேரிழப்பைச் சுமந்த பெண்கள்.

ஆபிரிக்காவில் உள்ள சிறிய மலைநாடு ருவாண்டா. அங்கு 1994ஆம் ஆண்டு ஏறத்தாழ 100 நாட்களில் சுமார் 8 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் துட்சி இனத்தவர். பல வீடுகளில் விதவைகளும் பெற்றோரை இழந்த பிள்ளைகளுமே எஞ்சினர்.

நாட்டின் தென்பகுதியில் மரபா என்றொரு ஊர். அங்கே பெருந்தோட்டங்கள் இல்லை. ஒரு குடும்பத்திடம் சிறு துண்டுக் காணி. அதில் வாழையும் அவரையும் போக, சில நூறு கோப்பி மரங்கள். முன்னர் ஒவ்வொரு குடும்பமும் பழத்தை வீட்டிலேயே தோலுரித்து உலர்த்தி, தரகர் சொன்ன விலைக்குக் கொடுத்தது. நல்லதும் பழுதானதும் ஒரே சாக்கில் போனதால் நல்லதற்கென்று தனி விலை கிடைக்கவில்லை.

1999இல் அவ்வூர் மக்கள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். விதவைகள் பலர் அதில் அங்கத்தவர்களானார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களினதும் ருவாண்டாப் பல்கலைக்கழகத்தினதும் உதவியுடன் 2001இல் கோப்பி கழுவும் நிலையம் வந்தது. அங்குள்ள வேலைமுறை இதுதான்: நன்கு சிவந்த பழத்தை மட்டும் கையால் பறிக்க வேண்டும். பறித்த அன்றே நிலையத்தில் சேர்க்க வேண்டும். தோலை நீக்கி, நீரில் புளிக்கவைத்துக் கழுவி, நிலத்தில் படாமல் வலைமேசைகளில் பரப்பி, நாட்கணக்கில் உலர்த்துவார்கள். மேசையைச் சுற்றி நின்று பழுதான கொட்டைகளைப் பொறுக்கி எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்களே. ருவாண்டாக் கோப்பியில் ஒருவகைப் பழுது உண்டு; அப்படியான ஒரு கொட்டை கலந்தாலும் குடிக்கும் கோப்பியில் உருளைக்கிழங்கு மணக்கும். ஆகவே பொறுக்கும் கையில்தான் விலை இருக்கிறது.

2003ஆம் ஆண்டில் மரபா என்ற பெயருடன் அந்தக் கோப்பி பிரித்தானியப் பல்பொருள் அங்காடிகளில் விற்பனைக்கு வந்தது. மரமும் மண்ணும் மழையும் முன்பிருந்தவையே. பழுதை விலக்கிய உழைப்பும் ஒன்றாகச் சேர்ந்து விற்ற பலமுமே புதியவை.

இதிலே இன்னொரு முக்கியமான விடயம் உண்டு. கணவன் இறந்தபின் அந்தக் காணி யாருக்கு? பழைய வழக்கப்படி அது கணவனின் ஆண் உறவினருக்கே போகும். 1999இல் கொண்டுவரப்பட்ட சட்டம் மகளுக்கும் மகனுக்கும் சமமான வாரிசுரிமையைத் தந்தது. மனைவியின் உரிமையையும் ஏற்றது. ஆனாலும் பதிவுத் திருமணம் செய்யாத பெண்கள் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நின்றார்கள். கோப்பிக் கன்று காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். நாளைக்குத் தன் கையை விட்டுப் போகக்கூடிய காணியில் எந்தப் பெண் துணிந்து கன்று நடுவாள்?

கோப்பி மட்டும் எல்லாத் துன்பத்தையும் தீர்த்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். உலகச் சந்தையில் விலை விழுந்தால் மலையிலுள்ள வீட்டிலும் அடுப்பு மந்தமாகத்தான் எரியும். அதனால்தான் அவர்கள் வாழையையும் அவரையையும் கைவிடவில்லை.

சகோதரிகளே, நீங்கள் செய்வது பனங்கட்டியாக இருக்கலாம், மிளகாய்த்தூளாக இருக்கலாம். பழுதை நீங்களே பொறுக்கி விலக்குங்கள். அயலிலுள்ள பத்துப் பேர் சேர்ந்து, ஊரின் பெயரை ஒட்டி விற்றுப் பாருங்கள். அதற்கு முன், விவாகப் பதிவுச் சான்றிதழ், காணி உறுதி, சங்கப் புத்தகம் மூன்றையும் எடுத்து, அவற்றில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த மாதமே அதற்கான அலுவலைத் தொடங்குங்கள்.