நியூ ஜெர்சியில் நீதிபதிகள் பற்றாக்குறை: வழக்கறிஞர் சங்கத்தால் இயன்றதும் இயலாததும்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், தமிழர்களும் வசிக்கும் சாமர்செட் உள்ளிட்ட ஆறு மாவட்டங்களில் சிவில் மற்றும் மணமுறிவு வழக்குகளின் விசாரணை 2023 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டது. போதிய நீதிபதிகள் இல்லை என்பதே தலைமை நீதிபதி ஸ்டூவர்ட் ராப்னர் கூறிய காரணம்.

அம்மாநிலத்தில் நீதிபதிகளைத் தேர்தல் மூலம் தெரிவு செய்வதில்லை. ஆளுநர் நியமிக்க, செனட் சபை ஒப்புதல் அளிக்கிறது. அதற்கு முன்னதாக, நியமிக்கப்படவுள்ளவரின் தகுதியை மாநில வழக்கறிஞர் சங்கத்தின் குழு ஆராய்வது 1969இல் ஆளுநர் ரிச்சர்ட் ஹியூஸ் காலத்தில் ஏற்பட்ட உடன்பாடு. தகுதியற்றவர்களை வடிகட்ட இது பயன்படுகிறது. காலியிடங்களை நிரப்புமாறும் சங்கம் வலியுறுத்தி வந்தது.

ஆனால் சிக்கல் அதற்கு அப்பால் இருக்கிறது. நியமிக்கப்படுபவரின் சொந்த மாவட்டத்துச் செனட்டர், காரணம் எதையும் கூறாமலேயே அந்நியமனத்தை முடக்கிவிடலாம். சட்டத்தில் எழுதப்படாத இந்த மரபின் முன், சங்கத்தின் நற்சான்றுக்கு வலுவில்லை.