காடும் கடலும்: ஒரு பயணத்தில் இரண்டு விருப்பங்கள்



திருமண வெள்ளி விழாவை எதிர்நோக்கியிருக்கும் குடும்பத் தலைவர் ஒருவர் நமக்கு மடல் வரைந்துள்ளார். பிள்ளைகள் இருவரும் வேலையில் அமர்ந்துவிட்டனர். பெற்றோரைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி வைக்க அவர்கள் பணம் சேர்த்து வருகின்றனர். யானையையும் சிங்கத்தையும் அவற்றின் சொந்த வெளியிலே காண வேண்டும் என்பது தந்தையின் நெடுநாள் ஆவல். தாயோ, "இருபத்தைந்து ஆண்டுகள் அடுப்படியில் நின்ற கால்கள் இவை, சில நாள் கடற்கரையில் சும்மா அமர்ந்திருந்தால் போதும்" என்கிறாராம். ஒரே பயணத்தில் இரண்டும் கைகூடுமா, அல்லது ஒருவர் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டுமா என்பது அவர் வினா.

கைகூடும் என்பதே நம் விடை. அதற்கு ஏற்ற இடம் ஒன்றையும் சொல்ல விரும்புகிறோம். அதுவே கென்யா நாட்டின் ட்சாவோ காடும், அதற்குக் கிழக்கேயுள்ள மலிந்திக் கடற்கரையும்.

இவ்விரண்டையும் நாம் தேர்ந்ததற்குக் காரணம் ஓர் ஆறு. மேற்கு ட்சாவோவில், எரிமலைக் குழம்பு இறுகிய பாறைகளின் அடியிலிருந்து இம்சீமா என்னும் ஊற்று பளிங்கு போலப் பொங்கி எழுகிறது. நீர்யானைகள் வாழும் அந்த ஊற்றுநீரின் ஒரு பகுதி குழாய் வழியே மொம்பாசா நகருக்குக் குடிநீராகிறது. எஞ்சியது ட்சாவோ ஆற்றில் கலக்கிறது. ட்சாவோவும் ஆத்தி ஆறும் கூடிக் கலானா என்னும் பெயர் பெற்றுக் கிழக்கு ட்சாவோவின் வறண்ட நிலத்தை ஊடறுக்கின்றன. கடலை நெருங்கும்போது அதே ஆறு சபாக்கி என்று பெயர் மாறி, மலிந்திக்குச் சற்று வடக்கே இந்தியப் பெருங்கடலில் கலக்கிறது. மலிந்தியிலிருந்து காட்டின் கிழக்கு வாயிலுக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். காலையில் யானையைக் கண்டவர் மாலையில் அலையில் கால் நனைக்கலாம்.

ட்சாவோ 1948-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கிழக்கு, மேற்கு என இரு பிரிவுகளாக உள்ள அதன் மொத்தப் பரப்பு 20,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். அங்குள்ள மண் செந்நிறம். அதை அள்ளி உடலெங்கும் தூவிக்கொள்வதால் யானைகளும் செங்கல் நிறமாகவே தோன்றும். இவ்விடத்தின் பெயரை உலகறியச் செய்தவை இரண்டு சிங்கங்கள். 1898-இல் ட்சாவோ ஆற்றின் மீது இரயில் பாலம் கட்டப்பட்டபோது, நம் நாட்டிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தொழிலாளர் பலரை அவை இரவு நேரங்களில் கூடாரங்களிலிருந்து இழுத்துச் சென்றன. பொறியாளர் பேட்டர்சன் அவ்வாண்டு டிசம்பரில் அவ்விரண்டையும் சுட்டு வீழ்த்தினார். இறந்தோர் 135 பேர் என்று அவர் பிற்காலத்தில் கூறினார். 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று 35 பேர் அளவில் இருக்கலாம் என்று கணக்கிட்டது. சிங்கங்கள் சிகாகோ அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைக்கப்பட்டுப் புகழோடு நிற்கின்றன. பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்று மாண்ட அத்தொழிலாளரை எத்தனை பேர் நினைக்கின்றனர்? அப்பாலத்தைக் காண நேர்ந்தால் அவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நிற்பது நம் கடமை.

யானைகளின் கதையும் துயரமற்றதன்று. 1960-களின் இறுதியில் ட்சாவோ வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 யானைகள் இருந்தன. 1970-71-ஆம் ஆண்டுகளின் கடும் வறட்சியில் ஆயிரக்கணக்கானவை மடிந்தன. பின்னர்த் தந்தத்துக்காக நிகழ்ந்த வேட்டையால் 1988-இல் அவை 6,000 அளவுக்குக் குறைந்தன. 1989-இல் கென்யாவின் அதிபர் தானியேல் அரப் மோய், பறிமுதல் செய்யப்பட்ட 12 டன் தந்தத்தைத் தீயிட்டு உலகின் கவனத்தை ஈர்த்தார். 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் யானைகள் மீண்டும் 15,000 அளவுக்குப் பெருகியிருந்தன. ஒரு மரத்தடியில் நாம் காணும் தாயும் கன்றும் இத்தனை இடர்களையும் கடந்து வந்த வழித்தோன்றல்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பூங்கா அமைவதற்கு முன் அந்நிலத்தில் வாத்தா என்னும் மக்கள் நெடிய வில் ஏந்தி யானை வேட்டையாடி வாழ்ந்தனர். எல்லை வகுக்கப்பட்டதும் அவர்கள் தொன்றுதொட்டுச் செய்துவந்த தொழில் குற்றமாயிற்று. 1950-களில் பலர் சிறை சென்றனர். விலங்குகள் காக்கப்பட்டது நன்றே. எனினும் அதற்கு விலை கொடுத்தோர் ஏழைகள் என்பதை மறத்தல் தகாது.

இனிக் கடலுக்கு வருவோம். மலிந்தி பழம்பெருமை வாய்ந்த துறைமுகம். 1415-இல் அந்நாட்டினர் சீனப் பேரரசருக்கு ஒட்டகச்சிவிங்கி ஒன்றைக் காணிக்கையாக அனுப்பினர். காட்டையும் கடலையும் இணைத்தல் அவர்களுக்குப் புதிதன்று! 1498-இல் வாஸ்கோ ட காமா இங்கிருந்தே வழிகாட்டி ஒருவரை அழைத்துக்கொண்டு ஒரு மாதத்திற்குள் கோழிக்கோட்டை அடைந்தார். போர்த்துகீசியர் நாட்டிய, சிலுவை தாங்கிய கல்தூண் இன்றும் கடலோரத்தில் நிற்கிறது. 1542-இல் கோவாவை நோக்கி வந்த புனித சவேரியார் இத்துறையில் இறங்கினார். உடன் வந்து இறந்த ஒருவரை இங்கே அடக்கம் செய்தார். அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே அவர் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார் என்பதை எண்ணும்போது, அத்தூணின் அருகே நிற்கும் தமிழ்க் கத்தோலிக்கருக்கு அது அன்னிய மண்ணாகத் தோன்றாது.

மலிந்தியிலும் அருகேயுள்ள வட்டாமுவிலும் 1968-இலேயே கடற்பூங்காக்கள் அமைக்கப்பட்டன. அடித்தளத்தில் கண்ணாடி பதித்த படகில் அமர்ந்து பவளப் பாறைகளையும் வண்ண மீன்களையும் காணலாம். நீந்தத் தெரியாத தாய்மாருக்கும் இது எளிது. ஆனால் மழைக்காலத்தில் இக்கடல் செம்பழுப்பாக மாறிவிடும். மேட்டு நிலங்களில் மரம் வெட்டப்பட்டு அரிக்கப்படும் மண்ணைச் சபாக்கி ஆறு கொண்டுவந்து கொட்டுகிறது. அந்த வண்டல் பவளத்தின் மீது படிந்து அதனை நலிவிக்கிறது. மலையில் செய்த பிழைக்குக் கடல் தண்டனை பெறுகிறது.

பயண ஏற்பாடுகளைப் பற்றிச் சில சொற்கள். முதலில் காடு, பிறகு கடல் என்ற வரிசையே நன்று. காட்டில் விடியுமுன் எழ வேண்டும். புழுதியும் குலுங்கும் வண்டியும் உடலை வாட்டும். அக்களைப்பு நீங்கக் கடற்கரை பின்னால் வர வேண்டும். பத்து நாள் பயணமாயின் மூன்று இரவுகள் காட்டுக்குப் போதும். ஏப்ரல், மே மாதங்களின் பெருமழையைத் தவிர்த்திடுக. ஜூன் முதல் செப்டம்பர் வரை காடு சிறக்கும். ஆனால் தென்கிழக்குக் காற்றால் கடல் கொந்தளிக்கும். இரண்டும் ஒருசேர இனிதாய் இருப்பவை ஜனவரியும் பிப்ரவரியும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பே போட்டுக்கொள்க. நாடு திரும்புகையில் அதன் சான்றிதழைக் கேட்பார்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரை குறித்து மருத்துவரைக் கலந்துகொள்க. 2017 முதல் பிளாஸ்டிக் பைகளுக்கு அந்நாட்டில் தடை உண்டு, துணிப்பையே துணை. காட்டில் அனுமதியற்ற இடத்தில் வண்டியை விட்டு இறங்குதல் ஆகாது. கடலில் பவளத்தை மிதியாதீர். சங்கு, சிப்பிகளை விலைக்கு வாங்காதீர்.

சஃபாரி என்னும் சுவாஹிலிச் சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். அரபு மொழியிலிருந்து வந்த சொல் அது. கடல் கடந்து பொருளீட்டச் சென்றவரைச் 'சபராளி' என்று நம் கடற்கரை முஸ்லிம் மக்கள் அழைப்பதும் அவ்வேரிலிருந்தே. ஆகவே சஃபாரி என்பது விலங்குகளை எண்ணிப் பட்டியலிடும் பந்தயமன்று. சிங்கத்தைக் காணவில்லையே என்று ஓட்டுநரைக் கடிந்து, பயணம் முழுவதையும் கசப்பாக்கிக் கொள்வோர் உண்டு. சிங்கம் நமக்குக் கடன்பட்டதன்று. காட்டில் நாம் விருந்தினரே.

மடல் வரைந்த அன்பருக்கு இறுதியாக ஒரு சொல். காட்டில் தங்கும் மூன்று நாட்களில் ஒரு காலையேனும் உம் இல்லத்தரசியை வண்டியில் ஏற்றாதீர். விடுதித் திண்ணையில் அவர் கால் நீட்டி அமர்ந்து, யாரோ போட்டுக் கொடுத்த தேநீரை அருந்தியபடி, நீர் அருந்த வரும் யானைகளைப் பார்த்திருக்கட்டும். கடற்கரைக்குச் சென்றதும், "அங்கே போவோம், இங்கே போவோம்" என்று அவரை விரட்டாதீர். அவர் கேட்டது சும்மா இருத்தலை. இருபத்தைந்து ஆண்டுகள் குடும்பத்தைத் தாங்கியவர் தமக்கென்று கேட்ட ஒன்றை முழுமையாகத் தருவதே வெள்ளி விழாவின் சிறந்த பரிசு.

ஊற்றாக எழுந்து, காட்டிற்கு நீர் ஊட்டி, பெயர்கள் மாறி, கடைசியில் கடலில் இளைப்பாறும் அந்த ஆறு இல்லற வாழ்வுக்கும் நல்லதோர் உவமை அல்லவா? சென்று வாருங்கள். கண்டதைத் திரும்பி வந்து நமக்கும் எழுதுங்கள்.