‘உங்க டிரைவிங் அப்படி சார்!’

கார் வாங்கி 11 மாசம். ஓடினது 9,000 கிலோமீட்டர் சொச்சம். கிளட்ச்சை மிதிச்சா ‘கிர்ர்ர்’னு ஒரு சத்தம், காலை எடுத்தா நின்னுடும். வாரன்டி இருக்கே என்ற தைரியத்துல அப்பா சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார். அங்க இருந்த அட்வைசர் வண்டியை ஸ்டார்ட்கூட பண்ணிப் பார்க்கல. “கிளட்ச் எல்லாம் தேய்மானம் சார், வாரன்டில வராது. ஹாஃப் கிளட்ச்ல ஓட்டியிருப்பீங்க. உங்க டிரைவிங் அப்படி சார்” என்றார்.

எங்க அப்பா 20 வருஷமா வேன் ஓட்டி எங்களைப் படிக்க வச்சவர். ஒண்ணும் பேசாம சாவியை எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டார். பக்கத்துல நின்ன நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். யூனிஃபார்ம் பிரஷர், யூனிஃபார்ம் வேர் என்று கிளட்ச்சோட ரெண்டு தியரிக்கும் டெரிவேஷன் தலைகீழா தெரியும். நானும் வாயைத் திறக்கல.

இந்தக் கட்டுரை அந்த மௌனத்தைப் பத்தித்தான். கிளட்ச்சுன்னாலே தேய்மானம், தேய்மானம்னாலே ஓட்டினவர் தப்பு என்று ஒரு கணக்கு பல கவுன்ட்டர்கள்ல ஓடிட்டிருக்கு. அந்தக் கணக்கு தப்பு. அது தப்புன்னு சொல்லத் தேவையான படிப்பு நம்மகிட்ட இருக்கு. சொல்லாம இருக்கிறதுதான் நம்ம தப்பு.

முதல்ல ஒரு விஷயம். கிளட்ச் என்பது ஒரே ஒரு பார்ட் இல்ல. தேயறதுக்காகவே செஞ்சது கிளட்ச் பிளேட், அதாவது பிரேக் பேட் மாதிரி உராய்வுப் பட்டை ஒட்டின தட்டு. அது தேய்ஞ்சா வாரன்டி தராம இருக்கிறதுல ஒரு நியாயம் இருக்கு. ஆனா அதோட சேர்ந்து பிரஷர் பிளேட் இருக்கு, ரிலீஸ் பேரிங் இருக்கு, அதைத் தள்ளுற ஃபோர்க் இருக்கு, பெடல் புஷ் இருக்கு. இதெல்லாம் உராய்ஞ்சு தேயறதுக்காக வச்சது இல்ல. 9,000 கிலோமீட்டர்ல ஒரு பேரிங் கத்துதுன்னா, ஓட்டினவரைக் கேட்கிறதுக்கு முன்னாடி பேரிங்கைக் கேட்கணும்.

எது கத்துதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வண்டியைச் சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரல்ல இன்ஜினை ஓடவிடுங்க. பெடலைத் தொடாதப்போ அமைதியா இருந்து, மிதிச்ச உடனே சத்தம் வந்தா ரிலீஸ் பேரிங் மேல சந்தேகப்படலாம், ஏன்னா அதுக்கு லோடு வர்றதே அப்போதான். தலைகீழா, பெடலைத் தொடாதப்போ சத்தம் இருந்து, மிதிச்சா நின்னுட்டா, கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைப் பார்க்கணும். கிளட்ச்சை மிதிச்சா அந்த ஷாஃப்ட் சுத்தறது நிக்கும், சத்தமும் நிக்கும். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு மிதிச்சாலும் ‘கீச்’னு கேட்டா அது பெடல் புஷ்ஷோ ஃபோர்க்கோ காய்ஞ்சுபோன விஷயம், கிரீஸோடயே முடிஞ்சிடலாம். சத்தமே இல்லாம, ஆக்சிலரேட்டர் கொடுத்தா இன்ஜின் மட்டும் உறுமி வண்டி வேகம் எடுக்கலன்னா, அதுதான் ஸ்லிப். பிளேட் தேய்ஞ்சிருக்கான்னு அப்போ கேட்கலாம்.

ஒரே ‘சத்தம்’ என்ற வார்த்தைக்குள்ள இவ்வளவு இருக்கு. எல்லாத்துக்கும் ஒரே பதிலா ‘உங்க டிரைவிங்’னு சொல்ல முடியுமா?

அட்வைசர் பக்கத்தையும் கொஞ்சம் பார்ப்போம். கால் முழு நேரமும் பெடல் மேலயே இருந்தா ரிலீஸ் பேரிங்கும் சீக்கிரம் போகும், அது உண்மைதான். நம்மள்ல பல பேர் சிக்னல்ல ஃபர்ஸ்ட் கியரைப் போட்டு, கிளட்ச்சை மிதிச்சபடியே ஒரு நிமிஷம் நிக்கிறோம். மேட்டுல பிரேக் பிடிக்காம ஹாஃப் கிளட்ச்லயே வண்டியைத் தாங்குறோம். அந்தச் செலவைக் கம்பெனி தலையில கட்டக் கூடாது. ஆனா அந்தப் பழக்கத்துக்குச் சாட்சி உள்ளேயே இருக்கும். பிளேட் தடிமன் குறைஞ்சிருக்கும், ஃப்ளைவீல் மேல சூட்டுல நீலம் பாய்ஞ்ச தடம் தெரியும். கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்து, அளந்து சொல்லுங்க, ஏத்துக்கிறோம். மூடி இருக்கிற பெல் ஹவுசிங்கை வெளியிலேர்ந்து பார்த்துச் சொன்னா அது ஜோசியம்.

அடுத்த வாரம் நானும் அப்பாவும் திரும்பப் போனோம். இந்தத் தடவை சத்தத்தை வீடியோ எடுத்து வச்சிருந்தோம், காலையில ஒண்ணு, 20 கிலோமீட்டர் ஓட்டி சூடான பிறகு ஒண்ணு. வாரன்டி புத்தகத்தையும் படிச்சிருந்தோம். அதுல விலக்குப் பட்டியல்ல இருந்தது கிளட்ச் பிளேட் மட்டும்தான், பேரிங் இல்ல. உங்க வண்டியில வேற மாதிரி இருக்கலாம், அதனால அந்தப் பக்கத்தை நீங்களே படிங்க.

நான் கேட்டது மூணே விஷயம். ஒண்ணு, புகாரை ஜாப் கார்டுல நாங்க சொல்ற மாதிரியே எழுதுங்க: ‘கிளட்ச் மிதிக்கும்போது மட்டும் சத்தம்’. வெறும் ‘ஜெனரல் செக்கப்’ வேண்டாம். வாரன்டி முடிஞ்சபிறகு பிரச்சினை பெருசானா, முன்னாடியே சொன்னோம்கிறதுக்கு அந்தத் தேதி போட்ட காகிதம்தான் சாட்சி. ரெண்டு, டெக்னீஷியனோட ஒரு டெஸ்ட் டிரைவ். மூணு, வாரன்டி கிடையாதுன்னா காரணத்தோட எழுத்துல கொடுங்க.

மூணாவதைக் கேட்டதும்தான் தொனி மாறிச்சு. வாயால ‘இல்ல’ன்னு சொல்றது சுலபம், கையெழுத்து போட்டுச் சொல்றதுக்கு யோசிக்கணும். பிரிச்சுப் பார்த்தாங்க. பிளேட் நல்லா இருந்தது. பேரிங்கைக் கையால சுத்தினாலே கரகரன்னுது. மாத்திக் கொடுத்தாங்க.

பில்லுல மட்டும் ‘குட்வில்’னு போட்டிருந்தது. ‘காசு வாங்கலையே, விடு’ன்னார் அப்பா. நான் விடல. குட்வில்னா அவங்க இரக்கப்பட்டுக் கொடுத்தது, வாரன்டின்னா நமக்குச் சேர வேண்டியது. நாளைக்கு அதே சத்தம் திரும்ப வந்தா இந்த ஒரு வார்த்தைதான் பேசும். அரை மணி நேரம் நின்னு மாத்தி வாங்கினோம்.

எல்லாருக்கும் இப்படிச் சுமுகமா முடியாதுன்னு தெரியும். முடியலன்னா அடுத்த படிகளும் இருக்கு. டீலரைத் தாண்டி கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில் அனுப்புங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுக்கும் மேல, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையம். கார் வாங்கின ஊருக்கு ஓட வேண்டாம், நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயம் இல்ல. பிரச்சினை வந்த நாள்லேர்ந்து 2 வருஷத்துக்குள்ள போகணும். பரிசோதனை இல்லாம குறையைச் சொல்ல முடியாதுன்னா ஆணையமே பொருளை லேபுக்கு அனுப்பலாம். ஆனா அங்கேயும் முதல்ல கேட்கப்போறது அந்த ஜாப் கார்டைத்தான்.

‘இதுக்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கு’ன்னு தோணும். நமக்குத்தான் இருக்கு. நம்ம வீடுகள்ல பல பேருக்கு கார் என்பது 5 வருஷ, 7 வருஷ இ.எம்.ஐ. அந்த இ.எம்.ஐ. கட்டுறவங்க கவுன்ட்டர்ல குரல் உயர்த்தத் தெரியாதவங்க. பெரிய படிப்புப் படிச்ச ஆள் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்புறவங்க. அந்தப் படிப்பைத்தானே நாமளும் படிக்கிறோம்?

அடுத்த தடவை வீட்டு வண்டி சர்வீஸுக்குப் போறப்போ, போனை உள்ள வச்சுட்டு கூடப் போங்க. போனட்டைத் திறக்கச் சொல்லுங்க. ஜாப் கார்டைப் படிச்சுட்டுக் கையெழுத்து போடுங்க. செமஸ்டர்ல அந்த டெரிவேஷனுக்கு எனக்கு 13-க்கு 11 மார்க் வந்தது. அப்பா திரும்பி வர்ற வழியில ஒண்ணும் சொல்லல. கியரை மாத்திட்டு ஒரு தடவை என்னைப் பார்த்துச் சிரிச்சார். வண்டியில சத்தமே இல்ல.