மருந்தைச் சுமக்கும் கடல்பாசி
முத்து விளைந்த கடலுக்கு இன்னொரு வாய்ப்பு

காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, வலிக்கு ஒரு மாத்திரை என்று வாங்கி விழுங்குகிறோம். அந்த மாத்திரை முழுவதும் மருந்துதானா?

இல்லை. பல மாத்திரைகளில் மருந்து கடுகளவுதான் இருக்கும். மீதியெல்லாம் மாவு, சர்க்கரை, பிசின், மெழுகு, சாயம் போன்ற சரக்குகள். நோயைத் தீர்ப்பது இவற்றின் வேலை அல்ல. மருந்தைக் கெடாமல் காத்து, உடம்பில் சேரவேண்டிய இடத்தில் சேர்ப்பதே இவற்றின் வேலை. இவற்றுக்குத் துணைப்பொருள்கள் என்று பெயர்.

இந்தத் துணைப்பொருள்களில் சிலவற்றுக்கு மூலச்சரக்கு, தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள மன்னார் வளைகுடாவில் விளைகிறது. அதுதான் கடல்பாசி.

முத்தும் தேனும்

துணைப்பொருள் நமக்குப் புதிது அல்ல. சித்த வைத்தியர் முத்துப் பற்பத்தை வெறுமனே கொடுப்பதில்லை. தேனிலோ, நெய்யிலோ, பாலிலோ கலந்து கொடுப்பார். அதை அனுபானம் என்பார்கள்.

தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ஆம் ஆண்டில். பிறகு சிப்பிகள் குறைந்துவிட்டன, முத்துக்குளிப்பும் நின்றுவிட்டது. ஆனால் பாசி எடுக்கும் தொழில் நிற்கவில்லை. குறிப்பாக இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைப் பெண்கள் கையில் துணி சுற்றிக்கொண்டு, கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள்.

பாசி செய்யும் வேலை

கட்டக்கோரை என்பது பழுப்பு நிறப் பாசி. இந்த வகைப் பாசியிலிருந்து ‘அல்ஜினேட்’ என்ற பொருள் கிடைக்கிறது. 1881-ல் இங்கிலாந்து ரசாயன நிபுணர் ஸ்டான்போர்டு இதைப் பிரித்தெடுத்தார்.

அல்ஜினேட்டில் தண்ணீர் பட்டால் அது ஊறிக் கூழாகும். மாத்திரையில் இதைச் சேர்த்தால் மேற்புறம் கூழாகி, உள்ளே உள்ள மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மூன்று வேளை சாப்பிடவேண்டிய மருந்தை ஒரு வேளையாகக் குறைப்பதற்கு இத்தகைய முறைகள் உதவுகின்றன.

நெஞ்செரிச்சலுக்கான சில மருந்துகளில் அல்ஜினேட்டுடன் சோடா உப்பும் இருக்கும். வயிற்றில் உள்ள புளிப்பு நீர் பட்டதும் அது நுரைத்து, தெப்பம்போல் மிதக்கும். புளிப்பு நீர் தொண்டைப் பக்கம் ஏறாமல் தடுக்கும்.

இன்னொரு பாசி, மூங்கில் தெப்பங்களில் கட்டி வளர்க்கப்படுகிறது. சுமார் 45 நாளில் அறுவடை செய்யலாம். பெப்சி கம்பெனி இதை வளர்க்கச் செய்ததால், கடற்கரையில் ‘பெப்சி பாசி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. இதிலிருந்து எடுக்கும் ‘கராஜீனன்’ மருந்துத் திரவங்களைக் கெட்டியாக்கப் பயன்படுகிறது. மென்மையான காப்ஸ்யூல் கூடுகள் செய்யவும் உதவுகிறது.

சரக்கு மாறியது, ஆபத்து வந்தது

துணைப்பொருள்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. 1968-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த சம்பவமே இதற்குச் சாட்சி.

அங்கே வலிப்பு நோய்க்கான ஒரு காப்ஸ்யூலில், மருந்துடன் சேர்த்து வந்த சுண்ணாம்புச் சத்துப் பொடியை நீக்கிவிட்டு, பால் சர்க்கரையைச் சேர்த்தார்கள். மருந்தின் அளவு மாறவில்லை. ஆனாலும் நோயாளிகள் பலருக்கு நஞ்சின் அறிகுறிகள் தோன்றின. காரணம் என்ன? பழைய பொடி மருந்தின் ஒரு பகுதியை உடம்பில் சேரவிடாமல் தடுத்து வந்திருந்தது. அந்தத் தடை நீங்கியதும், அதே அளவு மருந்து இரத்தத்தில் அதிகமாகச் சேர்ந்துவிட்டது.

குழந்தைகளைக் கொன்ற திரவம்

நம் நாட்டில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசம் சிந்துவாரா பகுதியில், இருமல் மருந்து குடித்த குழந்தைகளின் சிறுநீரகம் செயலிழந்தது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள்.

அந்த ‘கோல்ட்ரிஃப்’ மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா சோதித்தபோது, அதில் ‘டைஎத்திலீன் கிளைக்கால்’ என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான். அக்டோபர் மாதத்தில் அந்த ஆலையின் லைசென்ஸ் ரத்தானது.

இந்த விஷம் இருமலைத் தீர்க்கச் சேர்த்த மருந்து அல்ல. மருந்தைக் கரைக்கும் திரவத்தின் வழியாக நுழையும் விஷம் இது. 1937-ல் அமெரிக்காவிலும் இதே பொருளில் மருந்தைக் கரைத்துக் கொடுத்ததால் நூற்றுக்கும் அதிகமானவர்கள் மாண்டார்கள். அதன் பிறகு, 1938-ல் அங்கே கடுமையான சட்டம் வந்தது.

கடலும் சுத்தமாக வேண்டும்

இதிலிருந்து முத்துக்குளித்துறைக்கு ஒரு பாடம் உண்டு. பாசியைக் காயவைத்து மூட்டையாக விற்றால் கிடைப்பது பாசி விலை. மருந்தில் சேர்க்கும் தரத்துக்குச் சுத்தம் செய்து விற்றால் கிடைப்பது மருந்துச் சரக்கின் விலை. இரண்டுக்கும் நடுவே இருப்பது சுத்தமும் சோதனையும்தான்.

இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 2023-ல் கடல்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தகைய முயற்சிகளில் சோதனைச்சாலைக்கு முதலிடம் தரவேண்டும். பாசி எடுக்கும் பெண்களுக்கும் அந்த இலாபத்தில் பங்கு கிடைக்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பழுப்புப் பாசி, கடல்நீரில் ஈயம், காட்மியம் போன்றவை கலந்திருந்தால் அவற்றைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகவே மருந்தின் சுத்தம் ஆலையில் தொடங்குவது அல்ல; கடலிலேயே தொடங்குகிறது. 1986-ல் மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது பவளத்துக்கும் மீனுக்கும் மட்டும் நன்மை அல்ல. கடலைக் காப்பது மருந்தையும் காப்பதாகும்.

வீட்டில் உள்ளவர்களும் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். மெதுவாகக் கரையும் மாத்திரையையும், தனிப் பூச்சுப் பூசிய மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. உடைத்தால், நாள் முழுவதும் சேரவேண்டிய மருந்து ஒரே நேரத்தில் சேர்ந்துவிடக்கூடும்.

நோயைத் தீர்ப்பது மருந்து. அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது துணைப்பொருள். ஒன்று கெட்டாலும் இரண்டும் கெட்டதுதான்!