இரண்டு அட்டைகள், ஒரு கோட்டை

வெயில் காயும் பெருவெளி. வளைவு வளைவாக வாசல்கள் வைத்த கட்டடங்கள், தரையில் நீண்டு விழும் நிழல்கள், தூரத்தில் ஒரு காற்றாலை. இவ்வளவுக்கும் நடுவே சுண்டுவிரல் நகத்தளவில் இரண்டு பிள்ளைகள் கைகோத்து ஓடுகிறார்கள். 'இகோ' என்ற பிளேஸ்டேஷன் 2 விளையாட்டு ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இந்த அட்டையோடுதான் விற்பனைக்கு வந்தது. அமெரிக்கப் பெட்டியில் வேறு படம். அங்கே கொம்பு முளைத்த சிறுவன் முன்னுக்கு வந்து இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறான். மற்றதெல்லாம் அவனுக்குப் பின்னணி. வீடியோ கேம் அட்டைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது ரசிகர்களிடையே வழக்கமாகிவிட்டது. எது அழகு என்பதில் பெரிய சண்டை கிடையாது. ஆனால் முதல் அட்டையை வெறும் அழகு என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. அது கதையின் ஒரு பகுதி.

அதை வரைந்தவர் ஃபுமிதோ உவேதா. விளையாட்டை இயக்கியவரும் அவரே. ஒசாகா கலைப் பல்கலைக்கழகத்தில் 1993இல் படிப்பை முடித்து, ஓவியராக வேண்டும் என்ற நினைப்போடு இருந்து, பிறகு கணினி அனிமேஷன் பக்கம் வந்தவர். அட்டைக்கு அவர் முன்னோடியாக எடுத்துக்கொண்டது இத்தாலிய ஓவியர் ஜார்ஜியோ தெ கிரிக்கோவின் 'எல்லையற்றதின் ஏக்கம்'. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ஓவியத்தில், ஓங்கி நிற்கும் கோபுரம் ஒன்று. அதன் உச்சியில் கொடிகள். அடியில், தங்கள் நிழலைவிடச் சிறியவர்களாகத் தெரியும் இரண்டு பேர். தெ கிரிக்கோ 1910களில் வரைந்த சதுக்கங்கள் பலவும் இப்படித்தான். பட்டப்பகல், ஆனால் ஆள் நடமாட்டம் இல்லை. பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாமல் ஓர் அச்சம் வருகிறது.

அந்த அச்சம்தான் இகோவின் கதை. கொம்போடு பிறந்த பையனை ஊரார் ஆளில்லாத கோட்டைக்குக் கொண்டுபோய்க் கல்பேழையில் அடைத்துவிட்டு வருகிறார்கள். அவன் தப்பி வெளியே வருகிறான். கூண்டில் தொங்கும் யோர்டா என்ற வெளிறிய பெண்ணைப் பார்க்கிறான், இறக்கிவிடுகிறான். அவள் பேசுவது அவனுக்குப் புரியாது. திரையில் அவளுடைய பேச்சு புரியாத குறியீடுகளாக ஓடுவதால் விளையாடுகிறவருக்கும் புரியாது. இருவரும் சேர்ந்து கோட்டையை விட்டு வெளியேற வேண்டும். இதற்குமேல் கதை என்று பெரிதாக எதுவும் இல்லை.

எதிரிகள் நிழல்கள். தரையில் கரும்புகை சுழலும் குழிகளிலிருந்து எழுந்து வந்து யோர்டாவைத் தூக்கிக்கொண்டு போய் அதே குழிக்குள் இழுக்கும். அட்டையில் தரையெங்கும் கிடக்கும் அந்த நீண்ட நிழல்களை அலங்காரம் என்று நினைத்தவருக்கு, விளையாடத் தொடங்கிய சற்று நேரத்தில் விஷயம் புரிந்துவிடும். அளவும் அப்படியே. கேமரா எங்கோ தள்ளி நின்று பார்க்கிறது. பாலத்தில் ஓடும் சிறுவன் திரையில் ஒரு புள்ளி. அவனைச் சுற்றிச் சுவர், பள்ளம், கடல், காற்று. சிறுவனை வீரனாகக் காட்டும் எண்ணம் விளையாட்டுக்குக் கிடையாது. கோட்டைக்கு முன்னால் அவன் எவ்வளவு சிறியவன் என்பதைத்தான் ஒவ்வொரு சட்டகமும் சொல்கிறது.

தேவையில்லாததைக் கழித்துக்கொண்டே போவதுதான் தன் வழி என்று உவேதா விளக்கியிருக்கிறார். 1997இல் முதல் பிளேஸ்டேஷனுக்காகத் தொடங்கிய வேலை, பிறகு பிளேஸ்டேஷன் 2க்கு மாறியது. அந்த ஆண்டுகளில் கழிந்தவை ஏராளம். உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோடு திரையில் இல்லை. பெரும்பாலான நேரம் பின்னணி இசையும் இல்லை. காலடியும் காற்றும் மட்டும் கேட்கும். எஞ்சியது கை. கன்ட்ரோலரின் ஆர்1 பொத்தானை அழுத்தினால் சிறுவன் யோர்டாவை அழைப்பான், பக்கத்தில் இருந்தால் கையைப் பிடித்துக்கொள்வான். பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் பிடி விட்டுப்போகும். ஓடும்போது அவள் ஒரு எட்டு பின்தங்குகிறாள், அவள் தோள் இழுபடுகிறது, கன்ட்ரோலர் உள்ளங்கையில் மெல்ல அதிர்கிறது. நடிகர்களின் அசைவைப் பதிவுசெய்து ஒட்டியதில்லை இது. அனிமேஷன் கலைஞர்கள் சட்டகம் சட்டகமாகக் கையால் அமைத்தது. மணிக்கணக்கில் ஒரு விரல் ஒரு பொத்தானை அழுத்தியபடியே இருப்பதில் இப்படி ஓர் அன்பை ஏற்றிவைக்க முடியும் என்று காட்டிய விளையாட்டுகள் மிகச் சில.

ஓர் இடத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. கோட்டைக்குள் பள்ளம் வரும்போதெல்லாம் சிறுவன் முதலில் தாண்டிப்போய் நின்று கையை நீட்டுவான். அவள் தயங்கித் தாவுவாள். அவன் பிடித்து மேலே இழுப்பான். திரும்பத் திரும்ப இது நடந்து பழகிவிடும். பிறகு பெரிய பாலத்தில், இருவருக்கும் நடுவே பாலமே இரண்டாகப் பிரியத் தொடங்குகிறது. இம்முறை கை நீட்டுகிறவள் அவள். தாவ வேண்டியவன் அவன். வசனம் எதுவும் தேவைப்படவில்லை. இத்தனை நேரம் விரல் கற்ற பழக்கத்தைத் தலைகீழாக்கியதிலேயே அவர்கள் உறவு மாறிவிட்டது என்று தெரிந்துவிடுகிறது. இதை விளையாடியவர் மறுபடியும் அட்டையைப் பார்த்தால், கைகோத்த அந்த இரண்டு பிள்ளைகளைச் சிறியவர்கள் என்று நினைக்கமாட்டார். அட்டையில் கண் தேடுவது அவர்களை மட்டும்தான்.

முகத்தைப் பெரிதாகப் போட்டு விற்கும் பழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1977இல் அட்டாரியின் வீட்டுக் கருவி வந்தபோது திரையில் தெரிந்தவை சதுரங்கள்தாம். 'அட்வென்ச்சர்' விளையாட்டில் வாளெடுத்துப் போகும் வீரனே ஒரு சதுரம். டிராகன்கள் வாத்து போல இருந்தன. அதனால் கிளிஃப் ஸ்போன் போன்ற ஓவியர்கள் பெட்டியின்மேல் முழு உலகத்தையே தீட்டினார்கள். சதுரத்துக்கு முகம் தந்தது அட்டை. அது அந்தக் காலத்துக்குத் தேவையான, மதிக்கத்தக்க வேலை. தொழில்நுட்பம் வளர்ந்த பிறகும் அட்டை தன்பாட்டுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்ததுதான் சிக்கல். 1987இல் காப்காமின் 'மெகா மேன்' அமெரிக்காவுக்குப் போனபோது, கையே பீரங்கியான நீலச் சிறுவன் அட்டையில் கைத்துப்பாக்கி பிடித்த நடுவயது ஆளாகிவிட்டான். அந்த அட்டையைக் காப்காமே 2012இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்' விளையாட்டில் ஒரு பாத்திரமாக்கிச் சிரிக்கவைத்தது.

இகோவின் அமெரிக்க அட்டைக்கு ரசனைக் குறைவுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் அவசரம். 2001 செப்டம்பரில், ஜப்பானுக்கு முன்பே, அமெரிக்காவில் வெளியிடச் சோனி நாள் குறித்திருந்தது. அந்தத் தேதிக்குள் உவேதாவின் ஓவியத்தைக் குழுவால் தர முடியவில்லை. டிசம்பரில் ஜப்பானிலும் அடுத்த ஆண்டு ஐரோப்பாவிலும் வந்த பதிப்புகளுக்கு அது கிடைத்தது. அமெரிக்காவில் விற்பனை மந்தம். அந்த அட்டையும், ஆங்கிலத்தில் எதையும் உணர்த்தாத பெயரும்தான் அதற்குக் காரணம் என்று சோனியின் ஜப்பான் ஸ்டுடியோவைச் சேர்ந்த யசுஹிதே கொபாயாஷி 2009இல் சொன்னார். இத்தனைக்கும் விமர்சகர்கள் இகோவைக் கொண்டாடினார்கள். 'டார்க் சோல்ஸ்' படைத்த ஹிதெதாகா மியாசாகி இந்தத் துறைக்கு வரவே இகோதான் தூண்டுதல்.

ஓவியத்தோடு இன்னொன்றும் அந்தத் தேதிக்குத் தப்பிப்போனது. ஜப்பானிய, ஐரோப்பியப் பதிப்புகளில் விளையாட்டை ஒருமுறை முடித்துவிட்டு மறுபடி தொடங்கினால், யோர்டாவின் குறியீடுகள் மொழிபெயர்ந்து வரும். முதல்முறை கூடவே இழுத்துக்கொண்டு ஓடியபோது அவள் என்னதான் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது இரண்டாம் முறை தெரியவரும். அமெரிக்கப் பதிப்பில் அது இல்லை. 2011இல் பிளேஸ்டேஷன் 3க்காக இகோ புதுப்பிக்கப்பட்டு வந்தபோதுதான் அங்கிருந்தவர்கள் அவள் பேச்சைப் படிக்க முடிந்தது.