நல்ல தந்தையின் தவறு



அண்மையில் ஒருநாள் மாலைப் பாடம் முடிந்ததும் மாணவர் இருவர் என்னிடம் ஒரு வழக்கைக் கொண்டு வந்தனர். ‘அவதார்’ என்னும் கார்ட்டூன் தொடர் சிறந்ததா, அதன் தொடர்ச்சியாக வந்த ‘கொர்ரா’ சிறந்ததா என்பதே வழக்கு. இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்புக் கூறலாகாது என்பதால் இரண்டையும் பார்த்தேன்.

முதல் தொடர் அமெரிக்காவின் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் 2005 முதல் 2008 வரை 61 பகுதிகளாக வெளிவந்தது. நெருப்பு நாட்டின் மன்னன் ஓசாய் உலகையே அடிமைப்படுத்த முனைகிறான். அழிக்கப்பட்ட காற்றினத்தில் எஞ்சிய 12 வயதுச் சிறுவன் ஆங் அவனை வென்று போரை முடிக்கிறான். 2012 முதல் 2014 வரை 52 பகுதிகளாக வந்த இரண்டாம் தொடர் ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்குப் பின் நிகழ்கிறது. ஆங் மறைந்துவிட்டார், கொர்ரா என்னும் 17 வயதுப் பெண் அவருடைய பொறுப்பை ஏற்கிறாள்.

ஒன்றை முதலிலேயே கூறிவிடுகிறேன். மறுபிறவியும் ஆவியுலகமும் இரு கதைகளுக்கும் அடித்தளம். இவை நம் அகீதாவுக்கு முரணானவை. பிள்ளைகள் பார்க்கும்போது பெற்றோர் அருகிருந்து விளக்குதல் கடமையாகும்.

கதைக் கட்டுக்கோப்பில் முதல் தொடரே மேலானது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே போர், ஒரே இலக்கு. இரண்டாவதோ முதலில் 12 பகுதிகளுக்கென்றே திட்டமிடப்பட்டுப் பின்னர் நீட்டிக்கப்பட்டது. ஆகவே பருவந்தோறும் புதுப் பகைவன், புதுச் சிக்கல். ஆயினும் ஓரிடத்தில் இரண்டாம் தொடர் முதலாவதை விஞ்சி நிற்கிறது. அந்த இடம் போர்க்களமன்று, வீடு!

முதல் தொடரில் ஓசாய்க்கு இரு மக்கள். திறமை மிக்க மகள் அஸூலாவை மெச்சுகிறான். மகன் ஸூகோவையோ 13 வயதில் முகத்தில் தீக்காயப்படுத்தி நாடு கடத்துகிறான். பார்க்கும் நாம், ‘கொடியவன்!’ என்று கூறி நிம்மதியாக எழுந்து விடுகிறோம். அவனில் நம்மைக் காண நமக்கு மனம் வருவதில்லை.

இரண்டாம் தொடர் நம்மை அவ்வாறு தப்பவிடுவதில்லை. உலகைக் காத்த நல்லவரான ஆங்குக்கு மூன்று மக்கள்: மூத்தவர் பூமி, அடுத்தவர் கையா என்னும் மகள், இளையவர் டென்சின். காற்றினத்தின் ஆற்றல் டென்சினுக்கு மட்டுமே வாய்த்தது. அழிந்த இனத்தை மீட்கும் ஆவலில் தந்தை அவரையே தம் பயணங்களுக்கு அழைத்துச் சென்றார். பல்லாண்டுகள் கழித்து மூவரும் தந்தையின் கோயிலுக்குச் செல்கையில், அவருக்கு வேறு மக்களும் இருந்த செய்தியே அங்குள்ளோருக்குத் தெரியவில்லை. முதுமையை எட்டிய பூமி, தந்தையின் சிலை முன் நின்று, தம்மைப் பற்றி அவர் பெருமைப்பட்டிருப்பாரா என ஏங்குகிறார். சலுகை பெற்ற டென்சினும் மகிழ்ந்தாரில்லை. தந்தையைப் போல் ஆக இயலவில்லையே என்னும் சுமை அவரை அழுத்துகிறது.

ஆங் எப்பிள்ளையையும் வெறுக்கவில்லை; நல்ல நோக்கத்தோடுதான் நடந்தார். ஆயினும் மூன்று உள்ளங்களும் புண்பட்டன!

இங்கே நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. அவர்களுடைய தந்தை அவர்களுக்கு மட்டும் ஓர் அன்பளிப்பு வழங்கி, அதற்குச் சாட்சியாக இருக்குமாறு நாயகம் (ஸல்) அவர்களை வேண்டினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே வழங்கினீரா என்று நாயகம் வினவினார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதியுடன் நடக்குமாறு பணித்தார்கள். அத்தந்தையும் அன்பளிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தந்தையின் அன்பைக்கூட நீதியின் தராசில் வைத்த மார்க்கம் நம்முடையது.

இதை எழுதும் நானும் குற்றமற்றவனல்லேன். என் மக்களுள் நன்கு ஓதுபவனையே மீலாது மேடைகளுக்கும் உறவினர் இல்லங்களுக்கும் அழைத்துச் செல்வது என் வழக்கம். இளையவன் வாசலில் நின்று பார்த்திருப்பான். அந்தப் பார்வையின் பொருள், பூமி சிலைமுன் நின்றபோதுதான் எனக்கு விளங்கிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை, எவ்விதத் திறமையையும் கேளாமல் அவனை உடனழைத்துச் சென்றேன்.

மாணவர்களிடம் கூறிய தீர்ப்பு இதுதான்: கதையழகில் முதலாவது, தந்தையருக்குரிய படிப்பினையில் இரண்டாவது. இன்றிரவு நம் பிள்ளைகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். நம் புகழுரையில் இடம்பெறாத பிள்ளை எது?

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் நீதியை நிலைபெறச் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.