முழுத் துப்பாக்கியை அறுக்காதீர்கள்!

அமெரிக்காவில் பலருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு.

பழைய பட்டாளத் துப்பாக்கி ஒன்றை வாங்குவார்கள். அறுப்பார்கள், தேய்ப்பார்கள், இழைப்பார்கள். கடைசியில் அழகான வேட்டைத் துப்பாக்கி ஒன்று பிறக்கும். பணம் உள்ளவர்கள் கைதேர்ந்த தொழிலாளியிடம் கொடுத்துச் செய்து வாங்குவார்கள். இல்லாதவர்கள் வீட்டுப் பட்டறையில் தாங்களே செய்வார்கள்.

பழைய சாமானைத் தூக்கி எறியாமல் பயன்படுத்துவது தப்பா? இல்லை. ஆனால், எந்தக் குறையும் இல்லாமல் முழுசாக இருக்கும் பழைய துப்பாக்கியை இன்று இதற்காக அறுப்பது தப்பு. இதுதான் என் கட்சி.

கதவுத் தாழ்ப்பாள்

அது என்ன துப்பாக்கி என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் திறக்கும். முன்னால் தள்ளி மடக்கினால் பூட்டிக்கொள்ளும். இந்தத் துப்பாக்கியும் அதே மாதிரிதான். தாழ்ப்பாளை இழுத்தால், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும். தள்ளினால், புதுத் தோட்டா குழலுக்குள் போகும். மடக்கினால், பூட்டு.

இதைச் செம்மைப்படுத்தியவர் பால் மாசர் என்ற ஜெர்மானியர். அவர் செய்த துப்பாக்கியை 1898ல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்டது. தாழ்ப்பாளின் முன்பக்கம் பூட்டுக்கு இரண்டு காதுகள். அவை உடைந்தாலும் காப்பாற்றப் பின்னால் இன்னொன்று. தோட்டாவின் அடி கிழிந்து நெருப்புக்காற்று பின்னால் வந்தால், அது வேறு பக்கம் போக ஓட்டைகள். சுடுகிறவனின் கண் தப்ப வேண்டும் அல்லவா?

இன்னொன்றும் உண்டு. தோட்டாவின் அடியைக் கவ்விக்கொள்ள நீளமான எஃகுக் கொக்கி. துப்பாக்கியைச் சாய்த்தாலும் கவிழ்த்தாலும் தோட்டா நழுவாது. காயம்பட்ட மிருகம் பாய்ந்து வரும்போது வேட்டைக்காரனுக்கு இந்தக் கொக்கிதான் தெய்வம்.

ஜிம் கார்பெட்டின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1907ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக அவருக்கு ஒரு துப்பாக்கி பரிசாகக் கிடைத்தது. செய்தது ரிக்பி என்ற ஆங்கிலேயக் கம்பெனி. உள்ளே இருந்ததோ மாசரின் தாழ்ப்பாள்! (அந்தக் காலம் போயிற்று. இன்று நம் நாட்டில் புலியைச் சுட்டால் ஜெயில்.)

அமெரிக்காவுக்கும் மாசரின் அருமை அடிபட்டுத்தான் தெரிந்தது. 1898ல் கியூபாவில் ஸ்பானிய சிப்பாய்கள் மாசர் துப்பாக்கியால் சுட்டார்கள். 1903ல் அமெரிக்கா தன் ஸ்பிரிங்பீல்டு துப்பாக்கியைக் கொண்டுவந்தது. அதில் மாசரின் யோசனைகள் இருந்ததால் 2 லட்சம் டாலர் அவர் கம்பெனிக்குக் கட்ட நேர்ந்தது.

அப்போது அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். பட்டாளத் துப்பாக்கியான அந்த ஸ்பிரிங்பீல்டையே தமக்கு வேட்டைத் துப்பாக்கியாகச் செய்து தரச் சொன்னார். 1909ல் அதை ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போனார். ஜனாதிபதியே செய்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா?

அன்று சரி, இன்று?

1945ல் யுத்தம் முடிந்தது. துப்பாக்கிகளுக்கு வேலை போயிற்று. பல நாட்டுப் பட்டாளத் துப்பாக்கிகள் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு வந்தன. தபாலில் பணம் அனுப்பினால் வீட்டுக்கே வந்துவிடும். 1963ல் ஜனாதிபதி கென்னடியைக் கொன்ற இத்தாலியத் துப்பாக்கியும் அப்படித் தபாலில் வந்ததுதான். தொலைநோக்கியோடு சேர்த்து விலை 19 டாலர் 95 சென்ட். 1968ல் சட்டம் வந்து அந்தத் தபால் வியாபாரத்தை நிறுத்தியது.

அந்த நாளில் ஒரு கூலிக்காரன் மான் வேட்டைக்காகப் பழைய மாசரை வாங்கி அறுத்தான் என்றால், நான் குறை சொல்ல மாட்டேன். புதுத் துப்பாக்கிக்கு அவனிடம் பணம் இல்லை. பழைய துப்பாக்கியோ மலைபோலக் குவிந்து கிடந்தது.

இன்று நிலைமை தலைகீழ். தொழிற்சாலையில் செய்த புது வேட்டைத் துப்பாக்கி மலிவாகக் கிடைக்கிறது. பழையதை வாங்கி, குழலை மாற்றி, கட்டையை மாற்றி, கூலி கொடுத்துக் கணக்குப் பார்த்தால், புதியதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும். முழுசான பழைய துப்பாக்கிக்குச் சேகரிப்போரிடம் நல்ல விலை உண்டு. அறுத்த நிமிடமே அந்த விலை போய்விடும்.

"என் காசு, என் சாமான். நீ யார் கேட்க?" என்பார்கள். சட்டப்படி சரிதான். ஆனால், பட்டாளத் துப்பாக்கி பலவற்றில் சின்னஞ்சிறு உறுப்பில்கூட ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள். ஒரு குடும்பம் மாதிரி. பிரித்து மூலைக்கொன்றாகப் போட்டால் மறுபடி சேருமா? அர்ஜென்டினா நாட்டின் 1909ஆம் ஆண்டு மாசரைப் பாருங்கள். பெரும்பாலும் பெர்லினில் செய்தது. அடிமூடிக்குக் கீல் வைத்த அருமையான வேலை. விற்கும்போது பலவற்றின் மேலிருந்த நாட்டு முத்திரையை அரைத்து எடுத்துவிட்டார்கள். முத்திரை இருந்த இடம் இன்று வெறும் வழவழப்பு.

வெயிலால் வந்த கேடு

காசைவிடப் பெரிய விஷயம் உயிர்.

1917ல் சில ஸ்பிரிங்பீல்டு துப்பாக்கிகள் சுடும்போதே வெடித்துச் சிதறின. ஏன் என்று ஆராய்ந்தார்கள். காரணம் வேடிக்கையானது. உலையில் எஃகு எவ்வளவு பழுத்திருக்கிறது என்பதைத் தொழிலாளிகள் கண்ணால் பார்த்தே சொல்லி வந்தார்கள். அவர்கள் நல்ல அனுபவசாலிகள். ஆனால், மப்பு நாளில் ஒரு நிறம் தெரியும். வெயில் நாளில் வேறு நிறம் தெரியும். வெயில் வெளிச்சத்தில், சூடு போதவில்லை என்று நினைத்து அதிகமாகக் காய்ச்சிவிட்டார்கள். எஃகு கண்ணாடிபோல உடையும் பதத்துக்கு வந்துவிட்டது.

பிறகு சூட்டை அளக்கக் கருவி வைத்தார்கள். ஸ்பிரிங்பீல்டு ஆலையில் செய்ததில் 8 லட்சத்துக்குக் குறைந்த எண் உள்ளவற்றைச் சுட வேண்டாம் என்று அமெரிக்காவில் இன்றும் எச்சரிக்கிறார்கள்.

வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எத்தனை அழகான கட்டை போட்டாலும் உள்ளே இருப்பது அதே எஃகு. கன்னத்தை ஒட்டி வைத்துச் சுடுகிற சாமான் அது!

மாசரில் வேறு கவலை. அதன் எஃகு மேல்தோலில்தான் கெட்டி; உள்ளே மிருது. தொலைநோக்கி மாட்டினால் பழைய பிடி அதில் இடிக்கும். அதனால் பிடியை அறுத்து வேறு பிடி ஒட்டவைப்பார்கள். அந்தச் சூடு பூட்டுக் காதுவரை போனால் கெட்டி போய்விடும். பெரிய தோட்டா நுழைவதற்காக உட்புறத்தைச் சுரண்டுகிறவர்களும் உண்டு. சுரண்டுவது பூட்டுக் காது தாங்கி நிற்கும் இடத்தை. இது சுத்தப் பைத்தியக்காரத்தனம்.

விளக்குக் கரியும் துருவும்

இவ்வளவு சொன்னதால், இந்த வேலையே கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல தொழிலாளி செய்வதைப் பார்க்கக் கண் இரண்டு போதாது.

வால்நட் மரத்தில் கட்டை கடைகிறார்கள். இரும்பு அதில் மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். எப்படி? இரும்பில் விளக்குக் கரியைக் குழைத்துப் பூசுகிறார்கள். மரத்தில் வைத்து அழுத்தி எடுக்கிறார்கள். கரி ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் உளியால் சுரண்டுகிறார்கள். மறுபடி பூச்சு, மறுபடி அழுத்தம், மறுபடி சுரண்டல். நாள்கணக்கில் இதே வேலை. பிறகு ஆளிவிதை எண்ணெயைக் கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிறார்கள்.

குழலுக்குக் கறுப்பு ஏற்றுவது இன்னும் விசித்திரம். வேண்டுமென்றே துருப்பிடிக்க வைக்கிறார்கள்! பிறகு கொதிக்கும் தண்ணீரில் போடுகிறார்கள். சிவப்புத் துரு கறுப்பாக மாறுகிறது. மேலே நிற்கும் தூளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டு, மறுபடி துரு, மறுபடி கொதி. பல தடவை செய்த பிறகு குழல் கருநீலமாக மின்னுகிறது. துருவே துருவுக்குக் காவல்!

இதற்கு முழுத் துப்பாக்கி எதற்கு? 1950களிலும் 60களிலும் அரைகுறையாக அறுத்துப்போட்டவை எத்தனையோ அங்கே கிடக்கின்றன. கட்டை போனது, குழல் குட்டையானது, கண்ட இடத்தில் ஓட்டை போட்டது. சேகரிப்போர் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. விலையும் குறைவு. அதில் ஒன்றை வாங்கட்டும். எண்ணைப் பார்க்கட்டும். தாழ்ப்பாள் அந்தத் துப்பாக்கியின் சொந்தத் தாழ்ப்பாளா, வேறு ஒன்றிலிருந்து கழற்றிப் போட்டதா என்று பார்க்கட்டும். பூட்டிய தாழ்ப்பாளுக்கும் தோட்டாவுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தெரிந்தவரிடம் கொடுத்து அளந்து வாங்கட்டும். அதன் பிறகு விளக்குக் கரியைக் குழைக்கலாம்.